சோறு இறங்காமல் நின்றால்: உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காகக் கோவை வரும் குடும்பங்களுக்கு

எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது உணவுக்குழாயில் கட்டி என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் எனக்கு ஒரு போன் வரும். "ஏனுங்க, உங்கய்யனுக்கு வந்ததேதானுங்களாமா. எங்க போனா நல்லதுங்க, எவ்வளவு ஆகுமுங்க?" நான் மருத்துவன் இல்லை. கோபிப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பம். அய்யனைக் கூட்டிக்கொண்டு ஒரு வருடம் ஊருக்கும் கோவைக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டது பாதி, ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லிக் கொடுத்தது பாதி. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

எங்கே, எவ்வளவு என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "இப்ப எடை எத்தனைங்க? மூணு மாசத்துக்கு முன்ன எத்தனைங்க?" முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. இந்த நோயில் கட்டி ஒரு பக்கம் ஆளைத் தின்றால், பட்டினி இன்னொரு பக்கம் தின்கிறது. கீமோ மருந்தின் அளவு, உடம்பு கரண்ட் (கதிர்வீச்சு வைத்தியத்தை அப்படித்தான் சொல்வோம்) தாங்குமா, ஆபரேஷன் தாங்குமா என்று எந்தக் கணக்கைப் போட்டாலும் அது எடையில் வந்து நிற்கும். ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் இன்றைய தேதியையும் எடையையும் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

அடைப்பு வரும் வரிசை

அய்யனுக்கு முதலில் நின்றது அரிசி பருப்புச் சோறு. ஒரு வாய் விழுங்கிவிட்டு நெஞ்சைத் தடவிக்கொள்வார், சொம்புத் தண்ணியைக் குடித்து இறக்குவார். கொஞ்ச நாளில் இட்லியைச் சாம்பாரில் கரைத்துத் தின்றார். அதற்கப்புறம் சந்தகையும் தேங்காய்ப்பாலும். கடைசியில் அம்மா கம்மங்கூழை வடிகட்டிக் கொடுக்கும் நிலை வந்தது. முதலில் கெட்டியானது, பிறகு குழைவானது, பிறகு தண்ணி என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவதுதான் இதன் நடை. பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் அல்சர் என்று சொல்லி மூன்று மாதம் கேஸ் மாத்திரையும் ரோஸ் கலர் மருந்தும் கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் "ஸ்கோப் பாத்துரலாமுங்களா" என்று நாங்களும் ஒரு தடவை கேட்கவில்லை.

விஷயம் தெரிந்தது மஞ்சள் மண்டியில். மூட்டை போடும் தராசில் அய்யன் விளையாட்டாக ஏறி நின்றார். 52 கிலோ. போன வெள்ளாமைக்கு அதே தராசில் 61. மண்டிக்காரர் முள்ளை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "தராசு சரியாத்தானுங்க இருக்குது" என்றார்.

அதனால், கெட்டியான சாப்பாடு இரண்டு வாரத்துக்கு மேல் அடைத்தால் நேராக எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டு உள்ளே பார்ப்பது. ஸ்கோப் என்பதும் அதுதான். முதலில் ஸ்கோப், பிறகு மாத்திரை. கூடவே எடை குறைந்தாலோ, குரல் கம்மிப்போனாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ நாளைக்கு என்று தள்ளாதீர்கள். தண்ணீர் குடித்தவுடன் புரையேறி இருமல் வருகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் துவாரம் விழுந்திருக்கக்கூடும். இன்னொன்று, நோயாளி விரலை வைத்துக் காட்டும் இடத்தில்தான் கட்டி இருக்கும் என்றில்லை. அய்யன் தொண்டைக்குழியைக் காட்டினார். கட்டி இருந்தது நெஞ்சுக்கு நடுவில்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, சாராயம் ஆகியவை இதற்கு முக்கியக் காரணங்கள். புகையும் சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பல வருடம் நெஞ்செரிச்சலோடு இருப்பவர்களுக்கு உணவுக்குழாயின் கீழ்முனையில் இன்னொரு வகை வரும். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்களையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016-ல் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. பாய்லரிலிருந்து இறக்கிய டீயை ஊதாமல் குடிப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு, அய்யனும் அதில் ஒருவர்.

ஸ்கோப், சதைப் பரிசோதனை

6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. அடைப்பு உள்ளவர்களுக்கு முந்தின நாள் தின்றதே உள்ளே தேங்கி நிற்கும் என்பதால், முதல் நாள் முழுக்க நீராகாரமாக இருப்பது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடிப்பார்கள். பத்து நிமிட வேலை. குமட்டும், பெரிதாக வலிக்காது.

ரிப்போர்ட்டில் "29 செ.மீ. முதல் 34 செ.மீ. வரை வளர்ச்சி" என்பது போல ஒரு வரி இருக்கும், அய்யனுக்கு இருந்தது இதுதான். அதைப் பார்த்து 34 செ.மீ. கட்டி என்று பயந்து என்னிடம் அழுதவர் உண்டு. அது முன்பல்லிலிருந்து ஸ்கோப் போன தூரம். உணவுக்குழாய் ஏறக்குறைய 15 செ.மீ.யில் தொடங்கி 40 செ.மீ. பக்கம் இரைப்பையில் சேரும். ஆக அய்யனுக்குக் கட்டியின் நீளம் 5 செ.மீ., இருந்த இடம் நடுப்பகுதி. இந்த இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கழுத்துப் பகுதியா, நடுவா, கீழ்முனையா என்பதை வைத்து வைத்தியமே மாறும்.

அதே ஸ்கோப்பிலேயே பல இடத்தில் சின்னச் சின்னதாகச் சதை எடுப்பார்கள். "சதை எடுத்தா பரவிருமுங்க" என்று சொல்வதற்கு வீட்டுக்கு ஒருவர் இருப்பார். பரவாது. அந்தச் சோதனை இல்லாமல் எந்த நல்ல ஆஸ்பத்திரியும் கீமோவைத் தொடங்காது. முடிவு வரச் சில நாள் ஆகும். அதில் புற்றுநோயின் வகையைச் சொல்லும் ஸ்குவாமஸ், அடினோ என்ற இரண்டு சொல்லில் எது இருக்கிறது என்று பாருங்கள். நம் நாட்டில் அதிகம் பார்ப்பது ஸ்குவாமஸ். கீழ்முனையில் வருவது பெரும்பாலும் அடினோ. வேறு ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எடுத்த சதையை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். அங்கே மறுபடி பார்க்க அதுதான் வேண்டும், இன்னொரு முறை ஸ்கோப் விடுவதும் மிச்சம்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது

இது தெரியாமல் வைத்தியம் தொடங்குகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் எல்லாருக்கும் உண்டு. அதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள், சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா என்று தெரிந்துகொள்ள. உடம்பில் வேறெங்காவது போயிருக்கிறதா என்று பார்க்கப் பெட் ஸ்கேன். கட்டி குழாய்ச் சுவரில் எத்தனை ஆழம் இறங்கியிருக்கிறது என்பது தேவைப்பட்டால் ஸ்கோப் முனையிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்ப்பார்கள். மேல்பாதியில், மூச்சுக்குழாயை ஒட்டிக் கட்டி இருந்தால் மூச்சுக்குழாய்க்குள்ளும் ஒரு ஸ்கோப். கீழ்முனை அடினோ என்றால் சிலருக்கு வயிற்றுக்குள் லேப்ரோஸ்கோப்பி விட்டுப் பார்ப்பதும் உண்டு.

பெட் ஸ்கேன் பற்றி ஒரு சொந்தக் கதை. அதில் ஏற்றுவது கதிர்வீச்சு கலந்த சர்க்கரை. கட்டி அந்தச் சர்க்கரையை ஆசையாக இழுத்துக்கொள்ளும், அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். அதனால் 4 முதல் 6 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, ரத்தத்தில் சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும். அய்யன் அவிநாசியில் பஸ் நின்றபோது, நான் பேப்பர் வாங்கப் போன கேப்பில், ஒரு டீயைக் குடித்துவிட்டார். இறங்கிய ஒரே நீராகாரம் அதுதானே, பாவம். ஸ்கேன் அறையில் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார், தேதியைத் தள்ளி வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையது, தண்ணீர் மட்டும்தான் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. ஊசி போட்டதும் ஒரு மணி நேரம் போலப் பேசாமல் படுத்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் வரை கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

எந்த ஆஸ்பத்திரி

இதுதான் நல்லது என்று ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன். உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையைக் குழாய் போலச் செய்து மேலே இழுத்துத் தைக்கும் ஆபரேஷன், வயிற்று ஆபரேஷன்களிலேயே கஷ்டமானவற்றில் ஒன்று. அடிக்கடி செய்யும் இடத்தில் உயிரிழப்பு குறைவு என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளை மதிப்பிடும் லீப்ஃபிராக் அமைப்பு வருடத்துக்கு 20 ஆபரேஷனைக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: "இந்த ஆபரேஷன் வருசத்துக்கு எத்தனைங்க பண்றீங்க?" நிறையச் செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை.

நம் பக்கத்துக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம் உண்டு. நெஞ்சைப் பிளக்காமல், நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்துத் துவாரம் வழியாக இதைச் செய்யும் முறையை, 130 நோயாளிகளின் அனுபவத்தோடு 2006-ல் அமெரிக்க அறுவை மருத்துவ இதழில் எழுதி உலகம் திரும்பிப் பார்க்கச் செய்தது ராமநாதபுரம் ஜெம் ஆஸ்பத்திரியின் டாக்டர் சி. பழனிவேலு குழு. வெளியூர்க்காரர்களுக்கு: இது கோவையில் திருச்சி ரோட்டுப் பக்கம் உள்ள ராமநாதபுரம், சேதுபதி ராமநாதபுரம் இல்லை. பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., ஜி.கே.என்.எம்., ஸ்ரீராமகிருஷ்ணா ஆகிய இடங்களிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. ஈரோட்டில் திண்டலில் தனிப் புற்றுநோய் ஆஸ்பத்திரியே உண்டு. அரசுப் பக்கம் கோவை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, சேலம் மோகன் குமாரமங்கலம். புதிதாக வருகிறவர்கள் தவறாமல் ஏமாறும் ஓர் இடம்: கோவை மருத்துவக் கல்லூரி பீளமேட்டில் அவிநாசி ரோட்டில் இருக்கிறது, அதன் பெரியாஸ்பத்திரி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் திருச்சி ரோட்டில். கண்டக்டரிடம் மெடிக்கல் காலேஜ் என்று டிக்கெட் வாங்கி இறங்கிவிடாதீர்கள். கோபி, சத்தி, ஈரோடு பஸ்கள் காந்திபுரம் வரும். கரூர், திருச்சிப் பக்கம் இருந்து வந்தால் சிங்காநல்லூர்.

இரண்டாவது கேள்வி: "எங்க கேசை போர்டுல வெச்சீங்களா?" ஆபரேஷன் செய்பவர், கீமோ கொடுப்பவர், கரண்ட் வைப்பவர் என மூவரும் ஒன்றாக உட்கார்ந்து படங்களைப் பார்த்து முடிவு செய்வதைத்தான் போர்டு என்கிறார்கள். மூன்று அறைக்குத் தனித்தனியாக அலைந்து மூன்று பதிலோடு நீங்கள் குழம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

பணமும் தாளும்

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள பதிவு மையத்துக்குப் போனால் அட்டைக்குப் பதியலாம். இலவச எண் 1800 425 3993. எல்லாத் தனியார் ஆஸ்பத்திரியும் எல்லா வைத்தியத்துக்கும் இதில் சேர்ந்திருக்காது. ஆகவே அட்மிஷனுக்கு முன்பே அங்கிருக்கும் காப்பீட்டு மேஜைக்குப் போய், ஆபரேஷன், கீமோ, கரண்ட் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். முன் அனுமதி வாங்குவது அவர்கள் வேலை. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கலாம் என்ற கணக்கை மட்டும் போடாதீர்கள்.

சென்னை அடையாறுக்கோ வேலூருக்கோ போகிறவர்கள் ஆஸ்பத்திரியில் ரயில் சலுகைப் படிவம் கேளுங்கள். புற்றுநோயாளிக்குத் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம்.

எல்லாத் தாளும் ஒரே பைலில், தேதி வரிசையில். எங்கள் வீட்டில் முதலில் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் சுருட்டிக் கிடந்தது. டாக்டருக்கு முன்னால் சி.டி. படத்தைத் தேடினால் மளிகைக் கடை பில் வந்தது.

வைத்தியம் தொடங்கும் முன்பே சாப்பாடு

நிறையப் பேர் தாண்டிப் போகும் படி இது. ஸ்கேன், போர்டு, காப்பீடு எல்லாம் முடிய இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். அந்த மூன்று வாரமும் ஆள் வெறும் இளநீரில் இருப்பார். முதல் நாளே டயட்டீஷியனைப் பாருங்கள். பொதுவான கணக்கு, கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ ஆளுக்கு 1,500 கலோரி, 50 முதல் 75 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம். நாமக்கல் பக்கத்திலேயே இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சம் கொண்டாடக் கூடாது. இளநீரும் அரிசிக் கஞ்சித் தண்ணியும் தெம்பு என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை. தாகம் தீரும், தசை ஏறாது. பால், தயிர், முட்டை, பாசிப்பருப்பு, நிலக்கடலையை நைசாக அரைத்த பால், தேங்காய்ப்பால், இவைதான் எடையைப் பிடித்து நிறுத்தும்.

வாயில் இறங்காவிட்டால் மூக்கு வழியாக டியூப், அல்லது வயிற்றில் சின்னத் துவாரமிட்டுச் சிறுகுடலுக்கு டியூப். "டியூப் போட்டா கடைசின்னு அர்த்தமுங்களா?" என்று எல்லாரும் கேட்பார்கள். இல்லை, வைத்தியத்துக்கு ஆளைத் தயார் செய்வதற்குப் போடுவது. உள்ளே உலோக ஸ்டென்ட் வைத்து அடைப்பைத் திறக்கலாம் என்றால், ஆபரேஷன் செய்யும் எண்ணம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட்டைத் தவிர்ப்பார்கள்.

டியூப்பில் ஊற்றுவதை மிக்ஸியில் நன்றாக அடித்து வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். அம்மா ஆசைக்குக் கம்மங்கூழைக் கரைத்து ஊற்றினாள். கம்புத் தோல் போய் அடைத்துக்கொண்டது. ராத்திரி பத்து மணிக்குக் கார் பிடித்துக் கோவைக்கு ஓடினோம். ஊற்றும் முன்பும் பின்பும் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். அடைத்தால் மெதுவாக வெந்நீர் விட்டுப் பார்க்கலாம், கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. சிறுகுடல் டியூப்பில் சிரிஞ்சால் ஒரே அழுத்தாக ஏற்றினால் வயிறு முறுக்கிப் பேதி போகும், பாட்டிலில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். கொடுக்கும்போதும் அதற்கப்புறம் கொஞ்ச நேரமும் சாய்ந்து உட்கார்ந்திருக்கட்டும். காலையில் செய்ததைச் சாயங்காலத்துக்கு வைக்காதீர்கள்.

நோயாளியிடம் சொல்வதா

"பேசண்ட்டுக்குத் தெரியாதுங்க சார், சொல்லிராதீங்க" என்று நாங்களும் டாக்டரிடம் போய் நின்றோம். அவர், "தெரியாம எப்படிங்க தினமும் கரண்ட் வைக்க வருவாரு?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி நான் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கவும் அய்யன், "அந்தச் சுவத்துல எழுதியிருக்கறதப் படிக்கத் தெரியாதவனாடா நானு" என்றார். புற்றுநோய்ப் பிரிவு என்று கொட்டை எழுத்தில் இருந்த பலகைக்குக் கீழேதான் அவரை மூன்று நாள் உட்கார வைத்திருந்தோம். சொன்ன பிறகு அவரே டியூப்பைப் பார்த்துக்கொண்டார், எடை நோட்டையும் அவரே எழுதினார்.

கீமோவும் கரண்டும்

கட்டி மேல்தோலோடு நின்றிருந்தால் ஸ்கோப் வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். அத்தனை சீக்கிரம் வருபவர்கள் நம்மிடம் குறைவு. கழுத்துப் பகுதிக் கட்டிக்குப் பொதுவாக ஆபரேஷன் இல்லை, கீமோவும் கரண்டும் சேர்த்துத்தான் முழு வைத்தியம். நடுவிலும் கீழேயும் சுவரைத் தாண்டியோ நெறிக்கட்டிகளுக்கோ போயிருந்து, தூரத்துக்குப் பரவாமல் இருந்தால் முதலில் கீமோ, கரண்ட், பிறகு ஆபரேஷன். "நேரா வெட்டி எடுத்தர வேண்டியதுதானுங்களே" என்பவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்து 2012-ல் வெளிவந்த கிராஸ் ஆய்வுதான் பதில். நேராக ஆபரேஷன் செய்தவர்களில் பாதிப் பேர் 24 மாதத்தைத் தாண்டினார்கள். முன்னால் கீமோவும் கரண்டும் வாங்கியவர்களில் பாதிப் பேர் 49 மாதத்தைத் தாண்டினார்கள். அந்த முறைப்படி வாரத்துக்கு ஒருமுறை பேக்லிடாக்சல், கார்போபிளாட்டின், ஐந்து வாரம். கூடவே திங்கள் முதல் வெள்ளி வரை கரண்ட், மொத்தம் 23 முறை, 41.4 கிரே (கிரே என்பது கரண்டின் அளவு). ஆபரேஷன் இல்லாமல் இதுவே முழு வைத்தியம் என்றால் பெரும்பாலும் 28 முறை, 50.4 கிரே. அடினோ வகைக்கு இப்போது ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஃபிளாட் என்ற நான்கு மருந்துக் கீமோவே மேல் என்று ஜெர்மனி ஆய்வு காட்டியிருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் அடினோ என்று இருந்தால் இதைப் பற்றிக் கேளுங்கள்.

கரண்ட் என்று நாம் சொன்னாலும் அதில் ஷாக் எதுவும் இல்லை. முதல் நாள் ஸ்கேன் எடுத்து மார்பில் புள்ளி வைப்பார்கள், அதைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு வரலாம். எரிச்சல் மூன்றாம் வாரம் போலத் தொடங்கும். அதுவரை கொஞ்சம் இறங்கிய சாப்பாடும் அப்போது நின்றுவிடும், வைத்தியம் கெடுத்துவிட்டது என்று பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் போகிறார்கள். போகாதீர்கள். மரத்துப்போகும் சிரப், வலி மருந்து, டியூப் உணவு என்று வழி இருக்கிறது, கரண்ட் முடிந்து சில வாரத்தில் எரிச்சல் அடங்கும். ஒவ்வொரு கீமோவுக்கும் முன் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்ப்பார்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு, நடு ராத்திரியானாலும். தினமும் ஊரிலிருந்து வந்து போவதைவிட அந்த ஐந்து வாரமும் பக்கத்தில் அறை எடுத்துக்கொள்வது மேல். பஸ் குலுக்கலில் அய்யனுக்கு முதல் வாரத்திலேயே ஒரு கிலோ குறைந்தது.

முள்ளுச் சீத்தா இலை, வேர்ப் பொடி என்று கொண்டு வந்து கொடுப்பவர்களைத் திட்ட வேண்டாம். ஆனால் டாக்டரிடம் கேட்காமல் டியூப்பில் எதுவும் போகக் கூடாது.

ஆபரேஷன்

கரண்ட் முடிந்து 6 முதல் 8 வாரம் போல இடைவெளி. அதற்குள் மறுபடி ஸ்கேன். "கட்டி தெரியலைங்கறாங்க, அப்புறம் எதுக்குங்க ஆபரேஷன்?" நியாயமான கேள்வி. கிராஸ் ஆய்வில் ஸ்குவாமஸ் வகையில் 100-க்கு 49 பேருக்கு, வெட்டி எடுத்த குழாயில் கட்டியே மிச்சமில்லை. ஆனால் அந்த 49-ல் நாம் இருக்கிறோமா என்பதை ஸ்கேனால் அடித்துச் சொல்ல முடியாது. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்கும் முறையும் இப்போது வந்திருக்கிறது. அதற்குச் சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்து ஸ்கோப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருக்க வேண்டும். நாங்கள் ஆபரேஷன் பக்கம் போனோம்.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டியது மூன்று. புகையிலையை முழுசாக விடுவது, தினமும் நடப்பது, மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியில் மூச்சுப் பயிற்சி. அதை எல்லாரும் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, வாயில் வைத்து உள்ளே இழுக்க வேண்டும், பந்து மேலே போய் நிற்க வேண்டும். அய்யனும் நாலு நாள் ஊதிக்கொண்டுதான் இருந்தார், வார்டில் ஒரு நர்சம்மா பார்த்துச் சிரித்துவிட்டுத் திருத்தினார். ஆபரேஷனுக்குப் பின் நுரையீரலில் சளி கட்டாமல் காப்பாற்றுவது இந்தப் பத்துப் பந்து, இருபது பந்துக் கணக்குதான்.

ஆபரேஷன் பல மணி நேரம் ஓடும், வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் சாப்பிட்டுவிடுங்கள். பிறகு ஐ.சி.யூ., நெஞ்சில் டியூப், சிறுகுடல் டியூப்பில் உணவு. தைத்த இடம் கசிகிறதா என்பதுதான் முதல் பத்து நாள் பயம். கழுத்தில் தைத்தது கசிந்தால் பெரும்பாலும் காயத்தைத் திறந்துவிட்டு ஆற வைப்பார்கள். நெஞ்சுக்குள் கசிந்தால் அது பெரிய விஷயம். அதனால் டாக்டர் சொல்லும் வரை ஒரு மடக்குத் தண்ணீர் கூடக் கொடுக்காதீர்கள், நோயாளி எத்தனை கெஞ்சினாலும். குரல் கம்மியிருந்தால் சொல்லுங்கள், குரல்நாணுக்குப் போகும் நரம்பு அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது.

பரவியிருந்தால் ஆபரேஷன் இல்லை. கீமோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோ மருந்து, அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் அல்லது சில முறை கரண்ட், வலிக்கு மார்ஃபின். மார்ஃபின் என்றதும் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்க வேண்டியதில்லை. வலி நிவாரணப் பிரிவை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இரைப்பை இப்போது ஒரு குழாய். ஒரு தட்டுச் சோற்றுக்கு இடமில்லை. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்துக் குடிக்கட்டும். ஜாங்கிரி, சர்க்கரை போட்ட ஜூஸ் இறங்கியதும் படபடத்து வேர்த்துக் கிறுகிறுத்தால் பயப்படாதீர்கள், இனிப்பு வேகமாகக் குடலுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். அடுத்த முறை இனிப்பைக் குறையுங்கள். தட்டையாகப் படுத்தால் தின்றது மேலே வரும். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தோம், தலையணையை அடுக்குவதைவிட அது நின்றது.

வெட்டி எடுத்ததன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய், ஓரங்களில் நோய் மிச்சம் இருக்கிறதா, எத்தனை நெறிக்கட்டி எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். முன்னால் கீமோவும் கரண்டும் வாங்கியும் நோய் மிச்சம் இருந்தவர்களுக்கு ஒரு வருடம் நிவோலுமாப் என்ற இம்யூனோ மருந்து உண்டு. விலை அதிகம், காப்பீட்டு மேஜையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போல வரச் சொல்வார்கள்.

சில மாதத்தில் மறுபடி சோறு அடைத்தால் நோய் திரும்பிவிட்டது என்று வீடே அழத் தொடங்கும். பெரும்பாலும் தைத்த இடம் சுருங்கியிருக்கும், ஸ்கோப் விட்டு விரித்துவிடுவார்கள். ஆனால் கேஸ் மாத்திரை வாங்கப் போகாமல் அந்த வாரமே ஸ்கோப்புக்குத் தேதி வாங்குங்கள். அய்யனுக்கு மூன்று தடவை விரித்தார்கள். மூன்றாவது தடவை முடிந்து ஊருக்கு வந்த ராத்திரி அம்மா குழைய வடித்த அரிசி பருப்புச் சோற்றைக் கிண்ணத்தில் வைத்தாள். அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு, சொம்பைத் தொடாமல் தின்று முடித்தார். மறுநாள் காலையில் நோட்டில் 54 என்று எழுதினார்.